சிங்கப்பூர் உணவங்காடியில் புதிய உணவுக்குப் பழகுவது எப்படி?

சிங்கப்பூருக்கு வேலைக்காகவோ படிப்புக்காகவோ வந்து சேரும் தமிழர்களில் பலர், லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவின் சாப்பாட்டுக் கடைகளுக்கும் அறையில் வைக்கும் சாம்பாருக்கும் இடையிலேயே மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடந்துபோகும் தொலைவில் பெரும்பாலும் ஓர் உணவங்காடி நிலையமோ காப்பிக் கடையோ இருக்கும். சீன, மலாய், இந்திய முஸ்லிம் கடைகள் ஒரே கூரையின் கீழ்க் காலை முதல் இரவு வரை சமைத்துக்கொண்டிருக்கும். இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டு மனிதகுலத்தின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது என்றாலும், அங்கே தினமும் வந்து உட்காருவோருக்கு அது மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். புதிதாக வருபவரும் அதை அப்படியே அணுகினால் பாதித் தயக்கம் போய்விடும்.

மீதித் தயக்கத்துக்குக் காரணம் வேறு. பிடிக்கவில்லை என்று சொல்வோரிடம் சற்று விசாரித்தால், சுவையைக் குறைசொல்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். வழவழவென்று இருக்கிறது, ஆறிப்போயிருக்கிறது, கருவாட்டு வாடை வீசுகிறது, உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்பனவே வழக்கமான முறையீடுகள். ஆகவே ஒரு தட்டில் இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்ளாமல், ஒவ்வொன்றாக எதிர்கொள்ளும்படி உணவைத் தேர்ந்தெடுப்பதுதான் பழகும் வழி. தட்டில் மூன்று பங்கு பழகியதாகவும் ஒரு பங்கு புதியதாகவும் இருக்கட்டும்.

தொடங்க வேண்டிய கடை

சுற்றுலா வழிகாட்டிகள் மிளகாய் நண்டில் தொடங்கச் சொல்லும். என் கருத்தில் அது தவறான தொடக்கம். விலை மிகுதி, நண்டு மசாலா சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அதில் புதிதாகப் பழக வேண்டியதும் அதிகமில்லை. தொடங்க வேண்டிய இடம், பெயர்ப்பலகையில் ‘எகானமி ரைஸ்’ என்றோ ‘மிக்ஸ்டு ரைஸ்’ என்றோ எழுதியிருக்கும் சீனச் சோற்றுக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பதினைந்து இருபது தட்டங்களில் கறிவகைகள் வைத்திருப்பார்கள். சோற்றைப் போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். வேண்டியதைக் கைகாட்டினால் போதும். உணவின் பெயர் தெரிய வேண்டியதில்லை, உருவம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, சோறு தட்டில் இருக்கிறது. அயல் உணவைக் கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்நகரில் இல்லை.

அந்தத் தட்டங்களில் நமக்குத் தெரிந்த காய்கள் எப்போதும் இருக்கும். முட்டைக்கோஸ், கத்தரிக்காய், பயற்றங்காய், வெண்டைக்காய் ஆகியவற்றில் இரண்டையும், முட்டையோடு சேர்த்து வதக்கிய பாகற்காய் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, மூன்றாவதாகவோ நான்காவதாகவோ ஒரு புதியதைச் சேர்க்க வேண்டும். அந்தப் புதியது முதல் நாள் பொரித்த சோயாக்கட்டியாக (டோஃபு) இருக்கலாம். அடுத்த முறை ஆவியில் வேகவைத்த முட்டை. அதற்கடுத்த முறை கறுப்பு அவரை விதையை நொதிக்க வைத்துச் சேர்த்த ஏதேனும் ஒரு கறி. சோற்றின் மேல் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்பார்கள். முதலில் வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாவற்றின் மேலும் ஒரே குழம்பை ஊற்றிவிட்டால் எதன் சுவை எது என்று தெரியாமல் போகும்.

நேரமும் முக்கியம். நண்பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம் வரிசையில் நிற்கும். அப்போது நீங்கள் கேள்வி கேட்டால் பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழப்பார்கள், கடைக்காரரும் பதில் சொல்லும் நிலையில் இருக்கமாட்டார். பதினொரு மணிக்குப் போனால் கறிகள் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருக்கும், பேசவும் நேரமிருக்கும். மிகவும் தாமதமாகப் போனால் நல்ல கடைகள் விற்றுத் தீர்த்து மூடியிருக்கும். சீனக் கடைக்காரர்களை வயதுக்கேற்ப அங்கிள், ஆன்ட்டி என்றும், மலாய்க் கடைக்காரர்களைப் பக்சிக், மக்சிக் என்றும் அழைப்பது ஊர் வழக்கம். காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அதை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எடுத்துப் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பர் முதல் சட்டப்படி கட்டாயம். அதற்கான அடுக்குகளில் ஹலால் தட்டுகளுக்குத் தனி இடம் இருக்கும். மாற்றி வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

சைவ உணவினரும், பன்றி இறைச்சியோ மாட்டிறைச்சியோ சாப்பிடாதவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கண்ணுக்குத் தெரியாத பொருள்களைப் பற்றித்தான். ‘இது சைவமா?’ என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதிலை நம்பிச் சாப்பிட முடியாது. தட்டில் இறைச்சித் துண்டு இல்லையென்றால் அது சைவம் என்று பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். சீனக் கடையின் கீரை வதக்கலில் பெரும்பாலும் சிப்பிச் சாறு ஊற்றப்பட்டிருக்கும். மலாய்க் கடையின் சாயூர் லோடே, தேங்காய்ப்பாலில் வேகவைத்த காய்கறிக் குழம்புபோல் நமக்கு மிக நெருக்கமாகத் தெரிந்தாலும், அதில் காய்ந்த இறால் அரைத்துச் சேர்ப்பது வழக்கம். மிளகாய் அரைப்பாகிய சம்பால் என்று எது வந்தாலும் அதில் பெலாச்சான் என்னும் இறால் கட்டி இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். தெளிந்த சூப்பின் அடியில் நெத்திலிக் கருவாடு வெந்திருக்கும். சார் குவே தியாவ் என்னும் பட்டை நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு, சீனத் தொத்திறைச்சி, அரைவேக்காட்டில் இருக்கும் மட்டி ஆகிய மூன்றும் சேர்வதுதான் அதன் பழைய முறை. ஆகவே பொதுவாகக் கேட்காமல் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: காய்ந்த இறால் உண்டா, சிப்பிச் சாறு உண்டா, பன்றிக் கொழுப்பில் வதக்கியதா, சூப் எதில் கொதித்தது. ‘பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்ற பலகை தொங்குவதால் மட்டும் கடை ஹலால் ஆகிவிடாது. இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சைவர்களுக்கு நிம்மதியான வழி, பௌத்த மரபைப் பின்பற்றும் சீனச் சைவக் கடைகள். பெரும்பாலான உணவங்காடிகளில் அப்படி ஒன்றாவது இருக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் தாங்காது. வெங்காயமும் பூண்டும் அங்கே சேர்ப்பதில்லை என்பது நம்மூரில் விரதச் சமையல் செய்பவர்களுக்கு விளங்கும் செய்தி. கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் காளானிலும் செய்த போலி இறைச்சிகள் உருவத்தில் நிஜம்போலவே இருப்பதால் சிலருக்கு அருவருப்பு உண்டாகலாம். அப்படியானால் அவற்றை விட்டுவிட்டுக் காளானையும் சோயாப் பால்தோலையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முட்டையும் தவிர்ப்பவர்கள் அதைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் சில கடைகளில் முட்டை உண்டு.

சீனர்களில் ஒரு பிரிவினரான ஹக்கா மக்களின் இடிதேநீர்ச் சோறு இவ்விடத்தில் சொல்லப்பட வேண்டியது. பொடியாக நறுக்கிய கீரைகள், பயற்றங்காய், சோயாக்கட்டி, உப்பு முள்ளங்கி, வறுத்த நிலக்கடலை ஆகியவற்றைச் சோற்றின் மேல் பரப்பி, தேயிலை, புதினா, துளசி வகை, எள், கடலை ஆகியவற்றை அரைத்துக் கரைத்த பச்சை நிறச் சாற்றை ஒரு கிண்ணத்தில் தனியாகத் தருவார்கள். முதல் மிடறு கசக்கும். சாற்றை முழுவதுமாகச் சோற்றில் கவிழ்க்காமல் இரண்டு கரண்டி ஊற்றிப் பிசைந்து பார்த்தால், கடலையின் எண்ணெய்ச் சுவை கசப்பைத் தாங்கிக்கொள்வது தெரியும். நெத்திலியை மேலே தூவுவது உண்டு. வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வழவழப்பும் வெதுவெதுப்பும்

ஹைனான் கோழிச் சோறு, முதன்முறை சாப்பிடும் தமிழர்கள் பலருக்கு ஏமாற்றம் தருவதற்குக் காரணம் உண்டு. கோழியைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் மெல்ல வேகவைத்து, உடனே பனிநீரில் அமிழ்த்தி எடுப்பார்கள். அதனால் தோலுக்கும் சதைக்கும் இடையே வழவழப்பான படலம் உறைகிறது. இறைச்சி வெதுவெதுப்பாகவோ ஆறியோ பரிமாறப்படுகிறது. எலும்பருகே சில நேரம் இளஞ்சிவப்பு தெரியும். மசாலாவில் முறுக வறுத்த கோழிக்குப் பழகியவருக்கு இது வேகாததுபோல் தோன்றுவது இயல்பே. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் சில முறை அதே கடையில் வறுத்த கோழியைக் கேட்கலாம். அல்லது கோழியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் சோற்றை மட்டும் சாப்பிட வேண்டும். கோழிக் கொழுப்பில் இஞ்சியும் பூண்டும் வதக்கி, கோழிச் சாற்றில், பாண்டான் இலையோடு வேகவைத்த சோறு அது. இலங்கைத் தமிழர்கள் ரம்பை என்று சொல்லி அன்றாடம் பயன்படுத்தும் இலைதான் பாண்டான். உணவின் உயிரே அந்தச் சோற்றில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். சோறு பிடித்துவிட்டால், இஞ்சி அரைப்பும் எலுமிச்சை கலந்த மிளகாய் அரைப்பும் தொட்டுக் கோழிக்குப் போகலாம்.

மிளகாயைப் பற்றி ஒரு சொல். நாக்கு பழகாத எதைக் கண்டாலும் மேலே மிளகாயைக் கொட்டிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் தட்டு காலியாகும், பழக்கம் ஏற்படாது. முதல் இரண்டு வாயை வெறுமனே சாப்பிட்டுவிட்டு, பிறகு காடியில் ஊறிய பச்சை மிளகாயைச் சோயாச் சாறு ஊற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நூடுல்ஸ் கடைகளில் அது இலவசமாக இருக்கும்.

காலை உணவில் வரும் அரைவேக்காட்டு முட்டை இன்னொரு தடை. இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, சோயாச் சாறும் வெள்ளை மிளகுத்தூளும் தூவிக் கலக்கிக் குடிப்பவர்களைப் பார்த்துத் தயங்குவோர், காயா தடவிய ரொட்டியின் ஓரத்தை அதில் தொட்டுச் சாப்பிட்டுப் பார்க்கலாம். காயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் சேர்த்துக் கிளறிய இனிப்பு. அது பிடிக்காத தமிழரைப் பார்ப்பது அரிது. கருவுற்றவர்களும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் அரைவேக்காட்டு முட்டையையும், லக்சா என்னும் நூடுல்ஸ் குழம்பில் வரும் அரைவேக்காட்டு மட்டியையும் தவிர்த்துவிட வேண்டும். இறால், நண்டு, மட்டி எதையும் இதுவரை சாப்பிட்டிராதவர் முதல்முறை ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொண்டு, அரிப்போ வீக்கமோ வருகிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு சாப்பிடுவது நல்லது. பச்சை நன்னீர் மீனை உணவாகப் பரிமாறுவது, 2015இல் அதனால் கிருமித்தொற்று பரவிய பிறகு இங்கே தடைசெய்யப்பட்டிருக்கிறது.

லக்சாவுக்கு வந்தால், அரிசி நூடுல்ஸைத் தேங்காய்ப்பால் குழம்பில் போட்டுத் தருவதால் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டவர்களுக்கு அடிப்படை விளங்கிவிடும். புதியவை, அதில் அரைத்துச் சேர்க்கும் காய்ந்த இறாலும் மேலே தூவும் லக்சா இலையும்தாம். வாடை கடுமையாகத் தோன்றினால் சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். ஆற ஆற இறால் வாடை மேலெழும், எண்ணெய் படியும்.

மலாய்க் கடையில் தமிழருக்குத் தடைகள் குறைவு. பேரரத்தை, எலுமிச்சைப்புல், மஞ்சள், தேங்காய்ப்பால் ஆகியவற்றின் சேர்க்கை நமக்கு அந்நியமாகப் படாது. கேலாங் சிராய்ச் சந்தையின் மேல்மாடியில் சோற்றோடு பல கறிகளை வைத்து விற்கும் நாசி பாடாங் கடைகளை ஒருமுறை சுற்றிவந்தால், தெம்பே (நொதிக்க வைத்த சோயா அவரை), சோயாக்கட்டி, பயற்றங்காய் மூன்றையும் பொரித்து மிளகாயில் புரட்டிய சம்பால் கோரேங் கண்ணில் படும். தெம்பேயை முதலில் இந்த உருவில்தான் சாப்பிட வேண்டும். கடலையும் காளானும் சேர்ந்தாற்போன்ற அதன் சுவை பொரித்த நிலையில் நன்றாகத் தெரியும்.

இந்த ஊரில் தமக்குப் பழகாததைப் பார்த்து நம்மவர்கள் புதிதாகச் சமைத்ததும் உண்டு. கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்ற உணவகக்காரர், சீனர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைக் கண்டு, 1949 வாக்கில் அதைத் தென்னிந்தியக் குழம்பில் போட்டு விற்றார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று மீன் தலைக் கறி சிங்கப்பூரின் சொந்த உணவாகிவிட்டது.

காப்பிக் கடையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கோப்பி என்றால் கெட்டிப்பாலோடு, கோப்பி ஓ என்றால் பாலில்லாமல் சர்க்கரையோடு, கோப்பி சி என்றால் சுண்டிய பாலும் சர்க்கரையும். கோசோங் என்று சேர்த்தால் சர்க்கரை கிடையாது, சியூ டாய் என்றால் குறைவு. கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கருக வறுப்பதால் அது ஃபில்டர் காப்பியைப்போல் இருக்காது. அதனோடு ஒப்பிடாமல் குடிக்க வேண்டும்.

வீட்டு அடுப்பில்

வெளியே இரண்டு மூன்று முறை சாப்பிட்டுப் பிடித்ததை மட்டுமே வீட்டில் சமைக்க முயலுங்கள். சுவை எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாமல் காணொளி பார்த்துச் சமைத்தால், சரியாக வந்ததா இல்லையா என்பதே தெரியாது. சமையலிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லது: புதிய பொருளைப் பழகிய முறையில் சமைப்பது, அல்லது பழகிய பொருளைப் புதிய முறையில் சமைப்பது.

புதிய பொருளுக்குத் தெம்பே நல்ல தொடக்கம். ஜாவாவில் தோன்றிய இது, வேகவைத்த சோயா அவரையில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்துக் கட்டியாக்குவது. 100 கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. தேக்கா ஈரச்சந்தையிலும் பேரங்காடிகளிலும் கிடைக்கும். வெள்ளைப் படலம் சீராக மூடியிருக்க வேண்டும். ஆங்காங்கே சாம்பல் அல்லது கறுப்புப் புள்ளி இருந்தால் தவறில்லை, ஆனால் பிசுபிசுத்து அமோனியா நெடி வந்தால் எறிந்துவிட வேண்டும். விரல் கனத்துக்கு நறுக்கி, மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்து, வாழைக்காய் வறுவலுக்குச் செய்வதுபோல மிளகாய்த்தூளும் சோம்புத்தூளும் பிசறிக் கல்லில் எண்ணெய் விட்டு முறுக எடுத்தால், ரசஞ்சோற்றுக்கு நன்றாகப் பொருந்தும். கெட்டிச் சோயாக்கட்டியாகிய தாவ்குவாவை, துணியில் சுற்றிக் கனமான பாத்திரத்தை அரைமணி நேரம் மேலே வைத்து நீரை வெளியேற்றிய பிறகே வதக்க வேண்டும். இல்லாவிட்டால் உடைந்து, மசாலா ஒட்டாமல், வெளுத்துப்போய்க் கிடக்கும். அதை மிளகுப் பொரியலாகவோ வற்றல் குழம்பில் கடைசியாகவோ சேர்க்கலாம். பட்டுப்போன்ற மென்கட்டியை இப்படி வதக்க முயலாதீர்கள். அது ஆவியில் வேகவைப்பதற்கும் சூப்புக்கும் உரியது.

பழகிய பொருளைப் புதிய முறையில் செய்வதற்கு வள்ளைக்கீரையைவிட ஏற்றது வேறில்லை. இங்கே காங்கோங் என்று கட்டுக்கட்டாக விற்கும் கீரை அதுதான். தண்டையும் இலையையும் தனித்தனியாக நறுக்கிக் கழுவி நன்றாக நீர் வடியவிட்டு, வாணலி புகையும் அளவுக்குச் சூடானதும் எண்ணெய், தட்டிய பூண்டு, தண்டு என்ற வரிசையில் போட்டு, முப்பது வினாடி கழித்து இலையைச் சேர்த்துப் புரட்டி, இலை சுருண்டதும் இறக்கிவிட வேண்டும். கடை அடுப்பின் சூடு வீட்டில் கிடைக்காது என்பதால் ஒரு நேரத்தில் ஒரு கைப்பிடி அளவே வதக்குங்கள்; அதிகம் போட்டால் கீரை நீர்விட்டு வெந்துபோகும். பாகற்காயையும் இப்படியே மெல்லிய பிறை வடிவில் அரிந்து, உப்புப் போட்டுப் பிழிந்து, அதிகச் சூட்டில் வதக்கி, அடித்த முட்டையை ஊற்றிப் பாதி உறைந்ததும் கிளறி எடுக்கலாம். ஆவி முட்டைக்கு, ஒரு பங்கு முட்டைக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கலக்கி, வடிகட்டி, தட்டால் மூடி, மெல்லிய ஆவியில் பத்து நிமிடம் வைத்தால் போதும். இட்லிப் பானையிலேயே வேகும். தீ கூடினால் மேற்பரப்பு ஓட்டையும் பள்ளமுமாகிவிடும்.

இரண்டு புட்டிகளைப் பற்றிய எச்சரிக்கையும் தேவை. வெளிர் சோயாச் சாறு உப்புக்காக, கறுஞ்சோயாச் சாறு நிறத்துக்காக. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. ஒரு மேசைக்கரண்டி வெளிர் சோயாச் சாற்றில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு வகுத்திருக்கும் வரம்பு 2,000 மில்லிகிராம்தான். ஆகவே அதை ஊற்றிய கறியில் தனியே உப்புப் போடக் கூடாது. சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது என்பதால், நல்லெண்ணெய்போல் தாளிக்க எடுத்தால் சமையல் முழுவதும் கருகல் கசப்பு ஏறும். அடுப்பை அணைத்த பிறகு சில துளிகள் விட்டால் போதும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவை மறுப்பது வளர்ச்சியின் ஒரு பகுதியே. பத்து முறைக்கு மேல் கண்ணில் பட்ட பிறகே பல குழந்தைகள் ஓர் உணவை வாயில் வைக்கின்றன. கெஞ்சாமலும் மிரட்டாமலும், வழக்கமான சாப்பாட்டின் ஓரத்தில் ஒரே ஒரு துண்டை வைத்துவிட்டுப் பெரியவர்கள் தங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். சீன அண்டை வீட்டார் விருந்துக்கு அழைத்தால், சாப்ஸ்டிக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது என்று குழந்தைகளுக்கும் சொல்லிவைப்பது நல்லது. அது இறந்தோருக்குப் படைப்பதுபோல் ஆகிவிடும். குச்சி பிடிக்க வரவில்லையென்றால் கரண்டி கேட்பதில் கூச்சம் வேண்டாம், சோற்றைப் பலரும் கரண்டியாலும் முள்கரண்டியாலும்தான் சாப்பிடுகிறார்கள்.

டுரியானை எல்லோரும் பெரிய சோதனையாகச் சொல்வார்கள். குற்றாலச் சாரல் காலத்தில் பழக்கடைகளைச் சுற்றியவர்களுக்கும், குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பண்ணையைக் கடந்தவர்களுக்கும் அந்த மணம் முன்பே தெரிந்திருக்கும். முழுப்பழம் வாங்காமல் கடையிலேயே உட்கார்ந்து இரண்டு சுளை சாப்பிட்டுப் பாருங்கள். எம்ஆர்டி ரயிலில் அதைக் கொண்டுபோகத் தடை இருப்பதால் வீட்டுக்கு எடுத்துவரும் எண்ணமும் எளிதல்ல.

கடைசியாகப் பெலாச்சான் வாங்குவோருக்கு: சிறிய கட்டியாக வாங்கி, தேவையான அளவு வெட்டி, ஈயத்தாளில் மடித்து வாணலியில் இருபுறமும் ஓரிரு நிமிடம் வாட்டிய பிறகே மிளகாயோடு இடிக்க வேண்டும். வாட்டும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், கொடியில் துணி காய்ந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். மீதிக் கட்டியை இரண்டு உறைகளில் சுற்றி, மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாம். நெகிழிப் பெட்டியில் வைத்தால் அந்தப் பெட்டி பிறகு வேறெதற்கும் உதவாது.